தோனும் தியோனும்

வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி-3.
12.9.1994

அன்புள்ள பானு,

இங்கு நானும் மகேஸ்வரன் அத்தானும் பிள்ளைகளும் சுகம். அத்தான் கோர்ட்டும் வீடுமாக இருக்கிறார்கள். நீ, தாஜ் அண்ணன், மகன் அஸ்கர் எல்லோரும் சுகந்தானே? பெருநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை போட்டதோடு சரி, ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. பிரான்சுக்குப் போன இந்தப் பதின்மூன்று வருஷத்தில் நீ இப்படி இருந்ததில்லை. கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டியிருப்பதால் கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் கல்லூரியைப் பார்க்க ஒரு பிரெஞ்சு டாக்டரம்மா வந்தார். பிரின்ஸிபால் பெருமையாக அவரை என் வகுப்புக்கே அழைத்து வந்துவிட்டார். அறுபது பெண்களும் எழுந்து நின்று, 'நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய்' என்ற பிரெஞ்சு வாய்பாட்டைக் கோரஸாக, "ஜே பார்லே, து பார்லெஸ், இல் பார்லே, நூஸ் பார்லோன்ஸ், வூஸ் பார்லெஸ், இல்ஸ் பார்லெண்ட்" என்று கணீரென்று சொன்னார்கள். அந்தம்மா கைகட்டி, தலைகுனிந்து, மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் பிரின்ஸிபாலிடம், "இது காலை வழிபாட்டுப் பாட்டா?" என்று கேட்டார். பிரின்ஸிபால் அதை ஆசிரியர் அறையில் வந்து சொல்லிவிட்டார். எட்டு நாள் சிரித்தார்கள். உன் அண்ணன் மகள் ருக்சானாவும் அந்த அறுபதில் ஒருத்தி. உன் உம்மாவிடம் சொல்லியிருப்பாள்.

நம் பாக்கியசீலன் சார் நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படித்தான் நானும் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்து என்று ஒன்று இருந்தால் அதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். என் மேல் ஒரு தப்பும் இல்லை. நம் ஊர் வெயிலில் அந்தம்மாவுக்குக் காது அடைத்திருக்கும்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. இந்த வருஷத்திலிருந்து கல்லூரியே தேர்வு நடத்திக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. பிரெஞ்சுக்கு வாய்மொழித் தேர்வு வைக்கிறார்கள், இருபத்தைந்து மதிப்பெண். மார்ச்சில் பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு பெண்ணையும் பேசவைத்துக் கேட்பார்களாம். நான் பத்து வருஷமாகத் தற்காலிக ஆசிரியை என்பது உனக்குத் தெரியும். இந்தத் தேர்வு நல்லபடி நடந்தால் ஜூனில் நிரந்தரம், இல்லாவிட்டால் பாண்டிச்சேரியிலிருந்தே ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று பிரின்ஸிபால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஆகவே நீ உடனே எழுது. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை அங்கே எப்படிச் சொல்கிறார்கள்? எந்த எழுத்தை விடுகிறார்கள், எங்கே பிரிக்கிறார்கள்? தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்பு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
விஜயஸ்ரீ


சார்செல், பாரிஸ்.
3.10.1994

அன்பு விஜயா,

உன் கடிதம் வந்தது. எழுதாமல் இருந்தது என் தப்புதான். இப்போது ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலைக்குப் போகிறேன். மதியம் முந்நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை. மற்றபடி சுகம்.

வழிபாட்டுப் பாட்டு என்று வாசித்ததும் நெடுநாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தேன். அஸ்கர் ஓடிவந்து என்ன என்று கேட்டான். ஆனால் விஜயா, அந்தம்மா காது சரியாகத்தான் இருக்கிறது.

நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் என்ற நாலுக்கும் இங்கே ஒரே சத்தம்: 'பார்ல்'. ஒரே அசை. கடைசியில் எழுதும் ஈ, எஸ், ஈ-என்-டி எல்லாம் தாளில் மட்டும். நாங்கள், நீங்கள் என்ற இரண்டுக்கும்தான் இரண்டாவது அசை வரும்: 'பார்-லோன்', 'பார்-லே'. லோன் என்று எழுதினேனே தவிர, அந்த 'ன்' சொல்ல நாக்கு மேலே போகக்கூடாது. சத்தத்தை மூக்கோடு நிறுத்திவிடு. 'ர்' நாக்கில் இல்லை, தொண்டையில். காறுவதுபோல, ஆனால் துப்பாமல்.

பிரிப்பது எப்படி என்று கேட்டாய். மெய்யெழுத்து எப்போதும் அடுத்த உயிரோடு போய் உட்காரும். 'அவன் வசிக்கிறான்' என்பது 'இ-லா-பித்'. 'அவர்கள் வசிக்கிறார்கள்' என்பது 'இல்-ஸா-பித்'. ஊமையாக இருந்த எஸ், பின்னால் உயிர் வந்ததும் விழித்துக்கொள்ளும். அந்த 'ஸ்' தேனீச் சத்தம்போல வரவேண்டும். அங்கே இருப்பது ஒருத்தரா பல பேரா என்பது அந்த ஒரு சத்தத்தில்தான் தெரியும். நம் தமிழில் 'அவன் எங்கே' என்பதை 'அவனெங்கே' என்று ஒட்டிச் சொல்கிறோமே, அதே கதைதான்.

மகேஸ்வரன் அண்ணனுக்கு என் சலாம்.

அன்புடன்,
அக்தர் பானு


வண்ணார்பேட்டை.
28.10.1994

அன்புள்ள பானு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஏழு எழுத்தை எழுதிவைத்துவிட்டு நாலை மட்டும் வாசி என்பது என்ன நியாயம்? வாசிக்காத எழுத்தை எதற்கு எழுத வேண்டும்? அந்த 'ஈ-என்-டி' வேறு சொற்களில் 'ஆன்' என்று ஒலிக்கும் என்று கைடில் இருக்கிறது. வினைச்சொல்லில், அதுவும் 'அவர்கள்' என்னும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளுமா? நாலு பேரைப் பற்றிப் பேசும்போதுதானே சத்தம் கூட வரவேண்டும்?

இருந்தாலும் நீ அங்கே இருக்கிறவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இது என் தப்பு இல்லை, கைடு போட்டவன் தப்பு. வகுப்பிலும் அப்படியே சொன்னேன்: "பழைய கைடில் பிழை, புதிய முறை வந்திருக்கிறது." பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் எழுதினால் போதுமா? நான் 'பார்ல்' என்றால் அறுபதும் அறுபது விதமாகச் சொல்கிறது. மூக்கோடு நிறுத்துங்கள் என்றேன், பாதிப் பேருக்குத் தும்மல் வந்துவிட்டது. ஊர் வழியாக யாராவது வந்தால் ஒரு கேசட்டில் உன் குரலில் பேசி அனுப்பு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

ஒரு சங்கதி. போன ஞாயிற்றுக்கிழமை உன் உம்மாவை மேலப்பாளையத்தில் பார்த்தேன். நெஞ்சு வலி வந்த பிறகு மெலிந்துவிட்டார்கள். "மருமவன் போன்லயே வரமாட்டேங்காவ. எப்பப் பாரு டூட்டி டூட்டிங்கா" என்று வருத்தப்பட்டார்கள். தாஜ் அண்ணனை ஒரு வெள்ளிக்கிழமையாவது பேசச் சொல். அப்புறம், உனக்கு எதற்கு இப்போது திடீரென்று வேலை? அண்ணன் நல்ல வேலையில்தானே இருக்கிறார்? வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லையா? கேட்டதற்கெல்லாம் பதில் எழுது, வினைச்சொல்லுக்கு மட்டும் எழுதாதே.

அன்புடன்,
விஜயஸ்ரீ


சார்செல்.
18.12.1994

அன்பு விஜயா,

காரைக்கால்காரர் ஒருவர் பொங்கலுக்கு முன்பு ஊருக்கு வருகிறார். அவர் கையில் கேசட் கொடுத்திருக்கிறேன். கல்லூரி முகவரிக்கு அங்கிருந்து பதிவுத் தபாலில் அனுப்புவார்.

ஏ பக்கத்தில் வினைச்சொற்கள். ஒவ்வொன்றையும் முதலில் அசை அசையாகப் பிரித்தும் பிறகு சேர்த்தும் சொல்லியிருக்கிறேன். பி பக்கத்தில் நானாகச் சில வாக்கியங்கள் சொல்லியிருக்கிறேன், வீட்டைப் பற்றி, வேலையைப் பற்றி. பி பக்கத்தை முதலில் நீ மட்டும் கேள். கேட்டுவிட்டு வகுப்புக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள். சமையலறையில் உட்கார்ந்து பேசினேன், பின்னால் கேட்கும் உறுமல் ஃபிரிஜ்ஜின் சத்தம்.

உம்மாவைப் பார்த்ததற்கு நன்றி. அடிக்கடி போய்ப் பார்.

பானு


வண்ணார்பேட்டை.
20.1.1995

என் அருமை பானு,

நீ நீடூழி வாழ வேண்டும்! பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று காலை ஒன்பது மணிக்குக் கேசட் வந்தது. ஒன்பதரைக்கு வகுப்பு. கையோடு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். உன் குரல் வந்ததும் ருக்சானா எழுந்து நின்று, "எங்க மாமி! எங்க மாமி!" என்று கத்தினாள். ஏ பக்கம் முழுக்கப் பெண்கள் கூடவே சொன்னார்கள். இந்த முறை யார் வந்து கேட்டாலும் வழிபாட்டுப் பாட்டு என்று சொல்ல முடியாது. பிரின்ஸிபால் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, "ம்ம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். பத்து வருஷத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் 'ம்ம்'.

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்ததால் பி பக்கத்தையும் போட்டேன். போட்டதும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அம்மா, நீ அங்கே வசமாக மாட்டினாய்! மூன்றாவது வாக்கியத்தில் 'நாங்கள் சார்செலில் வசிக்கிறோம்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'நூ-ஸா-பி-தோன்' என்று முடிக்காமல் 'நூ-ஸா-பி-தியோன்' என்று முடித்திருக்கிறாய். நடுவில் ஒரு 'இ' புகுந்துவிட்டது. 'தோன்' என்றால் வசிக்கிறோம். 'தியோன்' என்றால் வசித்து வந்தோம், அதாவது இப்போது இல்லை. அசைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் காலமே மாறிவிட்டது. மூன்று தடவை ரீவைண்ட் செய்து கேட்டேன், சந்தேகமே இல்லை.

சும்மா விடுவேனா? இரண்டையும் போர்டில் எழுதி, கீழே தமிழ் அர்த்தமும் எழுதி, "பதின்மூன்று வருஷம் அங்கேயே இருக்கிறவர்களுக்கும் வாய் தவறும், இலக்கணம் படித்தவர்களுக்குக் காது தவறாது" என்றேன். பெண்கள் கைதட்டினார்கள். கோபித்துக்கொள்ளாதே. 'பார்லெண்ட்'டுக்கு நீ சிரித்ததற்கு இது சரியாகப் போயிற்று.

உம்மாவுக்கு உன் குரலைக் கேட்கவேண்டும் என்று ஆசையாம், ருக்சானா கேட்டாள். கேசட்டை ஒரு பிரதி எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். உம்மா தினமும் போட்டுக் கேட்கிறார்களாம், ஒரு சொல்லும் புரியாவிட்டாலும்.

மகிழ்ச்சியுடன்,
உன் விஜயஸ்ரீ


சார்செல்.
2.2.1995

விஜயா,

நோன்பு தொடங்கி இரண்டு நாள் ஆகிறது. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

அது வாய் தவறியது இல்லை. நீ சரியாகத்தான் கேட்டிருக்கிறாய். நாங்கள் மூன்று பேராக வசித்து வந்தோம்.

தாஜ் போன மே மாதமே போய்விட்டார். மார்செய் என்ற ஊரில், தெற்கே, வேறு ஒரு பெண்ணோடு இருக்கிறார். விவாகரத்துக்குக் கோர்ட்டில் மனு போட்டாயிற்று. நானும் அஸ்கரும் சின்ன வீட்டுக்கு மாறிவிட்டோம், அதே சார்செலில்தான். அதனால்தான் வேலை. சண்டை, அடி என்று ஒன்றும் இல்லை. ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, அஸ்கருக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

கேசட்டில் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை. வசிக்கிறோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தமிழில் அந்தப் பொய் எனக்குச் சரளமாக வரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் உம்மாவிடம் தமிழில்தானே சொல்கிறேன், அவருக்கு டூட்டி, குளிக்கப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று. பிரெஞ்சில் அந்தப் பொய்யைச் சொல்லிப் பழக்கமில்லை. வக்கீல் ஆபீசிலும் நகராட்சியிலும் பள்ளிக்கூடத்திலும் போய் 'ஸாபித்தியோன், ஸாபித்தியோன்' என்றே சொல்லிச் சொல்லி, வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. திரும்பப் போட்டுக் கேட்டபோது எனக்கே தெரிந்தது. அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. உனக்கு ஒருத்திக்காவது தெரியட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதனால்தான் நீ மட்டும் கேள் என்று எழுதினேன்.

உம்மாவுக்குத் தெரியக்கூடாது விஜயா. ஒருமுறை நெஞ்சு வலி வந்த உடம்பு. ஜூலை விடுமுறையில் நானே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. இப்போது அந்தக் கேசட் உம்மா கையில் இருக்கிறது, அர்த்தம் சொல்ல ருக்சானா பக்கத்தில் இருக்கிறாள். நீ எப்படியாவது பார்த்துக்கொள். உன்னை நான் குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.

பானு


வண்ணார்பேட்டை.
18.2.1995

பானு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வாசித்துவிட்டு இரண்டு நாள் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். கடிதத்தை அலமாரியில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன். தாஜ் அண்ணன் என்று இனிமேல் எழுத எனக்குக் கை வராது.

புதன்கிழமை சாயங்காலம் வாசலில் உன் உம்மா. கூட ருக்சானா, அவள் கையில் ஒரு வயர் கூடை, அதற்குள் டேப் ரெக்கார்டர். மேலப்பாளையத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்கள், நோன்போடு. தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அத்தான் நாற்காலியைப் போட்டுவிட்டு, கோர்ட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

உம்மா உட்காரக்கூட இல்லை. "போடுளா" என்றார்கள். ருக்சானா போட்டாள். உன் குரல், ஃபிரிஜ் உறுமல், மூன்றாவது வாக்கியம். நிறுத்தினாள்.

"ஏட்டி விஜயா, இதுக்கு என்ன அர்த்தம்?"

நான் வாயைத் திறக்குமுன் ருக்சானா, "வசித்து வந்தோம்னு அர்த்தம். டீச்சர்தான் போர்டுல எழுதிப் போட்டாங்க, மாமி தப்பாச் சொல்லிட்டாங்கன்னு" என்றாள்.

உம்மா சொன்னது அப்படியே எழுதுகிறேன். "பதிமூணு வருசமா அங்கன கெடக்கவ. கடைக்குப் போனாலும் அந்தப் பேச்சு, ஆசுபத்திரிக்குப் போனாலும் அந்தப் பேச்சு. அவளுக்கா தப்பும்? தப்பலைன்னா 'இருந்தோம்'னு எதுக்குச் சொல்லுதா? இருக்கோம்னுல்லா சொல்லணும்? மருமவன் குரலைக் கேட்டு வருசம் ஆகப் போவுது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா கணக்குத் தெரியும். ஒண்ணு அவ தப்பாச் சொல்லிருக்கணும், இல்ல நீ தப்பாக் கேட்டிருக்கணும். ரெண்டும் இல்லைன்னா உள்ளதைச் சொல்லு."

பானு, வழக்கு பேசுகிறவர்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்ட நானே இப்படி ஒரு குறுக்கு விசாரணையைக் கேட்டதில்லை. நீ தப்பாகச் சொன்னாய் என்றால் அவர்கள் நம்பப் போவதில்லை. மிச்சம் ஒரு வழிதான் இருந்தது. ரெக்கார்டர் பக்கத்தில் குனிந்து, மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டேன். தெளிவாக 'தியோன்'. ஒருமுறை கேட்டாலே போதும்.

"ஐயோ உம்மா, இது 'தோன்'ல்லா! என் காதுதான் தப்பு. வகுப்புல ஃபேன் சத்தம், அதுல எனக்கு அப்படிக் கேட்டுட்டு. வசிக்கோம்னுதான் சொல்லுதா" என்றேன்.

ருக்சானா விடவில்லை. "டீச்சர், நீங்க மூணு தடவ ரீவைண்ட் பண்ணிக் கேட்டீங்களே?"

"மூணு தடவையும் தப்பாத்தான்ட்டி கேட்டேன்."

உம்மா ரெக்கார்டரை வயர் கூடைக்குள் எடுத்து வைத்தார்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "சரி" என்றார்கள். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள், வீட்டு வாடகை கேட்டார்கள். "நோன்பு திறக்க நேரமாயிட்டு, வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்கள். நம்பிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் ஒன்று சொல்லி வகுப்பில் வேறு சொன்னால் ருக்சானா அன்று சாயங்காலமே பாட்டியிடம் சொல்லிவிடுவாள். ஆகவே மறுநாள் வகுப்பில், அறுபது பேர் முன்னால், "அந்த வாக்கியம் நான் தவறாகக் கேட்டது. பானு சொன்னது 'தோன்'தான்" என்று சொன்னேன். ஒருத்தி எழுந்து, "அப்போ 'இல்ஸாபித்'தும் தவறாக் கேட்டதா டீச்சர்?" என்றாள். இன்னொருத்தி, "பார்ல்?" என்றாள். அன்று அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

பி பக்கத்தை நான் மட்டும் கேட்டிருக்க வேண்டும். நீ எழுதியிருந்தாய். வகுப்பில் பெருமை அடித்துக்கொள்ள அரை மணி நேரம் பொறுக்க முடியவில்லை எனக்கு. என்னை மன்னித்துக்கொள்.

விஜயா


வண்ணார்பேட்டை.
20.3.1995

அன்புள்ள பானு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பெருநாளுக்கு வாழ்த்து அட்டையும் இல்லை. கோபமா என்றாவது ஒரு வரி எழுது.

பதினான்காம் தேதி வாய்மொழித் தேர்வு முடிந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர் ஒரு வயதான அம்மா, நல்ல மாதிரி. பெண்கள் 'பார்ல்' எல்லாம் கச்சிதமாகச் சொன்னார்கள். தேனீச் சத்தம்கூட வந்தது. நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு 'இல்ஸாபித்'துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ருக்சானா முறை வந்தபோது, வசிக்கிறோம், வசித்து வந்தோம் இரண்டையும் சொல்லிக் காட்டு என்றார். அவள் இரண்டையும் ஒன்றுபோலவே சொன்னாள். வித்தியாசம் இல்லையா என்று கேட்டதற்கு, "எழுத்துலதான் மேடம் இருக்கு. காதுக்குத் தெரியாது. எங்க டீச்சருக்கே தெரியலை" என்றாள். பக்கத்தில் பிரின்ஸிபால். அவள் மேல் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னாள்.

தேர்வு முடிந்து அந்த அம்மா, "உச்சரிப்பு நன்றாக இருக்கிறது, யார் பயிற்சி கொடுத்தது?" என்று கேட்டபோது பிரின்ஸிபால் "ஒரு கேசட்" என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். இந்த ஜூனில் நிரந்தரம் இல்லை. பாண்டிச்சேரியிலிருந்து ஒருவரை நேர்முகத்துக்கு அழைக்கப் போகிறார்களாம். எனக்கு ஒரு வருஷம் தற்காலிகமாக நீட்டித் தருவது பற்றி யோசிப்பார்களாம். அத்தான், "காது டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துப் பார்" என்றார்கள். வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நடந்தது உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். உம்மா சுகம். நேற்றும் போய்ப் பார்த்தேன், சந்தேகமாக ஒன்றும் கேட்கவில்லை. நீ ஜூலையில் வந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

விஜயா


சார்செல்.
4.4.1995

அன்பு விஜயா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உம்மாவுக்கு எல்லாம் தெரியும். பெருநாள் அன்றே எனக்கும் அது தெரிந்துவிட்டது. அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் உன் தேர்வுக்கு முன் வந்து சேர்ந்திருக்குமோ என்னவோ. உன் வேலைக்கு இப்படி ஒரு கேடு வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதம் பேனாவை எடுக்கவில்லை, வெட்கம்தான் காரணம். இதற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

ஜூலை எட்டாம் தேதி அஸ்கரோடு வருகிறேன். இரண்டு மாதம் இருப்பேன். வந்ததும் திங்கட்கிழமையே உன்னோடு உன் பிரின்ஸிபாலைப் பார்க்க வருவேன். அதுவரை பொறுக்க வேண்டாம் என்றுதான் கேசட்டில் நான் சொன்ன வாக்கியம் எது, ஏன் சொன்னேன் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கோர்ட்டு மனுவின் நகலும் இருக்கிறது. தயங்காமல் காட்டு. மேலப்பாளையத்தில் மறைக்க இனி ஆள் இல்லை.

பெருநாள் தொழுகை முடிந்திருக்கும் நேரம் பார்த்து உம்மாவுக்குப் போன் போட்டேன். அஸ்கருக்குச் சட்டை எடுத்தாயா, என்ன சமைத்தாய் என்று கேட்டார்கள். பிறகு, "தாஜ் இப்ப எங்கன இருக்கான்?" என்றார்கள். டூட்டி என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்ட்டி. விஜயாவயும் பொய் சொல்ல வச்சிட்ட. போதும்" என்றார்கள்.

ருக்சானா சொன்னாளா, விஜயா சொன்னாளா என்று கேட்டேன். உம்மா சிரித்தார்கள் விஜயா. பெருநாள் அதுவுமாக, அந்த விஷயத்தைப் பேசும்போது சிரித்தார்கள்.

"யாரும் சொல்லல. நான் அவ வீட்டுக்குப் போனப்ப பாதி சந்தேகத்தோடதான் போனேன். அவ உம்மேல தப்பு, மெஷின் மேல தப்பு, உன் வீட்டு ஃபிரிஜ்ஜி மேல தப்புன்னு என்னத்தையாவது சொல்லியிருந்தா நம்பிட்டு வந்திருப்பேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'என் காதுதான் தப்பு'ங்கா! தாவணி போட்ட நாள்லேர்ந்து அவள எனக்குத் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்காளா அவ? அப்பவே எனக்கு வெளங்கிட்டு, எம்மவ குடும்பம் போச்சுன்னு. பாவம், எனக்காவத்தான சொல்லுதா, நம்புன மாதிரியே இருந்துட்டு எந்திரிச்சு வந்தேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். நெஞ்சு வலி ஒன்றும் வரவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள்.

வகுப்பில் போய் போர்டில் மறுபடியும் எழுது. ருக்சானா தெரிந்துகொண்டால் பரவாயில்லை, எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். நூ ஸாபித்தியோன். நீ கேட்டது சரி.

உன்,
பானு